மடுவத்துத் தராசும் மென்பொருளின் பதிவு இடைமுகமும்

மலையகத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை மெல்ல மெல்லக் கடதாசியை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. கணக்கப்பிள்ளை தொங்குதராசின் முள்ளைப் பார்த்துச் செக்ரோலில் கிலோவை எழுதிய மடுவங்களில், பெருந்தோட்டக் கம்பனிகள் சில மின்னணுத் தராசையும் கைத்தொலைபேசியையும் கொண்டுவந்திருக்கின்றன. தராசில் விழும் எடை புளூடூத் வழியாகப் போனுக்கு வருகிறது. போன் அதைத் தொழிலாளியின் செக்ரோல் நம்பரோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் தோட்டக் காரியாலயக் கணினிக்கு அனுப்புகிறது. ஒரு நாளில் பல தடவை நிறுத்த கொழுந்தின் கூட்டுத்தொகைதான் அன்று ஒருவருக்குப் பேர் (முழுநாட் சம்பளம்) விழுமா, அரைப்பேர் விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இரண்டு கிலோ காணாமற் போனால் நாட்சம்பளத்தில் பாதி போய்விடக்கூடும்.

இந்த மென்பொருளை ஒருவரே முழுதாக எழுதியிருக்கமாட்டார். தராசோடு பேச ஒரு லைப்ரரி, போனுக்குள் தரவைச் சேமிக்க இன்னொரு லைப்ரரி, காரியாலயத்துக்கு அனுப்ப மூன்றாவது ஒன்று என்று, முகம் தெரியாத பலர் எழுதிய துண்டுகளை ஒருவர் சேர்த்துத் தைத்திருப்பார். காலை நிறுவையில் ஒரு பெண்ணின் பதினொரு கிலோ மாலைக் கணக்கில் இல்லையென்றால், அது எந்தத் துண்டில் விழுந்தது? தராசு அனுப்பவில்லையா? அனுப்பியதைப் போன் வாங்கவில்லையா? வாங்கியது சேமிப்பில் ஏறவில்லையா? காரியாலயக் கணினி இரண்டு பதிவுகளை ஒன்றென்று எண்ணிக் கழித்துவிட்டதா? அந்த நேரத்தில் மென்பொருளின் உள்ளே யாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மென்பொருள் தானே எழுதிவைத்த லொக் மட்டும்தான் சாட்சி.

அந்த லொக்கை எழுதும் வழியை ஒரு லைப்ரரி எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால் கணினி உலகம் நாற்பது ஆண்டுகளாக இதற்குப் பல விடைகளை எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருக்கிறது. இலங்கையிலேயே உருவான இரண்டு படைப்புகள் இதற்கு இரண்டு நல்ல விடைகளைத் தந்திருக்கின்றன என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு வேறு, லொக் வேறு. யார் எத்தனை கிலோ கொடுத்தார், எத்தனை மணிக்கு, எந்த மலையில், சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதெல்லாம் கணக்கு. அதில் ஒரு வரிகூடத் தொலையக்கூடாது. யார் திருத்தினாலும் திருத்தியவரின் அடையாளம் இருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட முடிய வேண்டும். லொக் என்பது மென்பொருள் தன் உடல்நிலையைப் பற்றிச் சொல்வது. இணைப்பு அறுந்தது, மறுபடி முயன்றேன், இடம் போதவில்லை, இத்தனை பதிவுகளை அனுப்பினேன் என்பன அதில் வரும். லொக்கின் அளவைக் குறைக்கலாம், பழையதை அழிக்கலாம், சில நிலைகளை அணைத்து வைக்கலாம். கணக்கில் இதில் ஒன்றையும் செய்ய முடியாது. லொக்கையே கணக்காக நம்பி எழுதப்பட்ட மென்பொருளில், யாரோ ஒருவர் வேகத்துக்காக லொக்கின் நிலையை உயர்த்திவைத்த அன்று சம்பளச் சான்றும் சேர்ந்து மறைந்துபோகும். மலையக மக்களுக்கு எழுத்தின் அதிகாரம் புதிதல்ல. கங்காணிக்குத் தொழிலாளர் பட்ட கடனைக் குறித்துவைத்த ‘துண்டு’ ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையே கட்டிப்போட்டது. அந்த முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிந்த சமூகம் இது. ஆகவே கணக்கைத் தனியாக, திறந்ததாக வைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. இனி வருவது லொக் பற்றி மட்டும்.

எல்லா மொழியிலும் முதற்பாடம் திரையில் ஒரு வரியை அச்சிடுவது. எல்லா லைப்ரரியிலும் முதல் லொக்கும் அதுதான். தனியாள் எழுதி, தன் மேசையிலேயே ஓட்டிப் பார்க்கும் நிரலுக்கு அது போதும். அதே நிரல் லைப்ரரியாகி இன்னொருவருடைய நிரலுக்குள் போய் உட்காரும்போது, கேட்காத இடத்தில் பேசும் வழக்கமாக அது மாறிவிடுகிறது. அந்த இன்னொரு நிரலுக்குத் திரையே இல்லாமல் இருக்கலாம். இருந்தால், லைப்ரரி அச்சிடும் வரி அதன் சொந்த வெளியீட்டோடு கலந்துவிடும்.

1980களில் பெர்க்லியில் எரிக் ஓல்மன் தன் மின்னஞ்சல் மென்பொருளான சென்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லொக்தான் இதற்கு முதலாவது பெரிய விடை. நிரல் செய்தியைச் சொல்லும். எங்கே எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்பதை வேறொரு நிரல் பார்த்துக்கொள்ளும். செய்திகளுக்கு எட்டு நிலைகள். சொல்பவரும் சேர்த்துவைப்பவரும் வேறு வேறு என்ற இந்தப் பிரிப்புதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். அது பரவிய வேகத்தில், ஒழுங்கான வரையறை எழுதப்படவே 2001 ஆயிற்று. 2009இல் அதைத் திருத்தி எழுதினார்கள்.

ஜாவா உலகத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லைப்ரரி எழுதுகிறவர்கள் எதைச் செய்யக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஜெகி குல்ஜு 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய லொக்4ஜே அந்த மொழியில் லொக் எழுதுவதற்குப் பொதுவழியாக வளர்ந்தது. 2002இல் ஜாவா 1.4 தன் சொந்த லொக் வசதியோடு வந்தது. அதன் நிலைகள் ஏழு, பெயர்களும் வேறு. இப்போது ஒரு லைப்ரரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதைப் பயன்படுத்துகிற எல்லோர்மீதும் அந்தத் தேர்வு ஏறியது. ஐந்து லைப்ரரிகளைச் சேர்த்தவர் மூன்று லொக் முறைகளுக்கு மூன்று அமைவுக் கோப்புகள் எழுதினார். இதைத் தீர்க்க அப்பாச்சி அமைப்பில் கொமன்ஸ் லொகிங் என்ற மெல்லிய மேலுறை வந்தது. நிரல் ஓடும்போது எந்த லொக் முறை அருகில் இருக்கிறது என்று அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஜாவாச் சேவையகங்களில் வகுப்புகளை ஏற்றும் முறை சிக்கலானது. அதில் அந்தத் தேடல் தவறான இடத்தில் போய் நின்றது. காரணம் கண்டுபிடிக்கவே முடியாத கோளாறுகள் எழுந்தன. 2000களின் நடுப்பகுதியில் குல்ஜு மறுபடி வந்து எஸ்எல்எஃப்4ஜே எழுதினார். லைப்ரரி இந்த மேலுறையை மட்டுமே அறியும். நிரலை முடித்துக் கட்டுகிறவர் எந்த லொக் முறை வேண்டும் என்பதைக் கட்டும் நேரத்திலேயே இணைத்துவிடுவார். அதன் தொடக்கப் பதிப்புகளில் ஓட்டத்தின்போது தேடல் கிடையாது. மேலுறை சிறியதாகவும் தன்னிச்சையாக எதையும் செய்யாததாகவும் இருந்ததுதான் அதன் வெற்றி என்பேன். தானே முடிவெடுக்கப் பார்த்த மேலுறை தோற்றது. முடிவை உரியவரிடம் விட்ட மேலுறை இன்றும் நிற்கிறது.

பைதானுக்குச் சொந்த லொக் வசதி 2003இல், 2.3ஆம் பதிப்போடு வந்தது. வினய் சாஜிப் எழுதியது. அதில் செய்தியை வாங்குவது பதிவாளர், வெளியே எழுதுவது கையாளி. லைப்ரரிகளுக்கு அதன் ஆவணம் சொல்லும் விதி எளியது: உன் பெயரில் ஒரு பதிவாளரை எடுத்துக்கொள், அதில் எதுவும் செய்யாத ஒரு கையாளியைப் பொருத்து, அதற்குமேல் எதையும் தொடாதே. கோப்பைத் திறப்பதும் நிலையைத் தீர்மானிப்பதும் வடிவத்தைச் சொல்வதும் நிரலின் உரிமை. இந்த விதியை மீறுவது சுலபம். பெயரிட்ட பதிவாளரை விட்டுவிட்டுத் தொகுதியின் நேரடிக் கட்டளையை ஒரே ஒரு முறை அழைத்தால் போதும். அது யாரும் கேட்காமலே ஒரு கையாளியை வேர்ப் பதிவாளரில் பொருத்திவிடும். பிறகு நிரல் எழுதியவர் தன் அமைவைச் செய்தால், ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று அது புறக்கணிக்கப்படலாம். ரஸ்ட் மொழியில் இந்த அபாயம் இல்லை. அங்கே லொக் என்ற பெட்டகம் (லைப்ரரி) வெறும் மேலுறை. யாரும் பதிவாளரைப் பொருத்தாவிட்டால் எல்லாச் செய்தியும் சத்தமில்லாமல் மறையும்.

கோ மொழியின் கதை வேறு திசையில் போனது. 2012இல் வந்த முதற்பதிப்பின் லொக் தொகுதியில் நிலைகளே இல்லை. 2015இல் டேவ் செனி என்ற நிரலாளர், இரண்டு நிலைகள் போதும் என்று வாதிட்டார்: ஓட்டுகிறவருக்கு ஒன்று, எழுதுகிறவருக்கு ஒன்று. எச்சரிக்கையை ஒருவரும் படிப்பதில்லை. பிழை என்றால் அதைக் கையாள வேண்டும் அல்லது மேலே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். பின் பகுதி முழுக்கச் சரி. 2023 ஓகஸ்டில் 1.21ஆம் பதிப்போடு வந்த ஸ்லொக் நான்கு நிலைகளை வைத்துக்கொண்டது. செய்தியோடு பெயர்-மதிப்பு இணைகளைத் தரச் செய்தது. வெளியே எழுதும் வேலையைக் கையாளி என்ற தனி இடைமுகத்துக்குப் பிரித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2003இல் உருவான லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் இலங்கை நிரலாளர்களை உலகத் திறமூலத் திட்டங்களுக்குள் கொண்டுபோனது. சுனாமிக்குப் பின் பிறந்த சஹானா மென்பொருளை நம்மவர்கள் அறிவார்கள். அதே காலத்தில் இலங்கையர் பெரும்பங்காற்றிய அப்பாச்சி அக்சிஸ்2/சி அவ்வளவு பேசப்படவில்லை. சி மொழியில் இணையச் சேவைகளை எழுதுவதற்கான அந்த லைப்ரரியின் 1.0 பதிப்பு 2007இல் வெளியானது. சி மொழியில் விதிவிலக்குகள் இல்லை, பொருள்கள் இல்லை, மொழியோடு வரும் லொக் வசதியும் இல்லை. லைப்ரரி எங்கே ஓடப்போகிறது என்பதும் தெரியாது: அப்பாச்சி சேவையகத்துக்குள்ளா, தனி நிரலாகவா, வேறொருவரின் மென்பொருளுக்குள்ளா?

அவர்கள் கண்ட வழி ‘சூழல்’ என்ற ஒரு சிறு கட்டமைப்பு. நினைவகம் ஒதுக்குவது, பிழையைக் குறித்துவைப்பது, இழைகளைத் தருவது, லொக் எழுதுவது ஆகிய நான்கையும் அது ஏந்தியிருக்கும். லைப்ரரியின் ஏறக்குறைய எல்லாச் செயற்கூறுகளுக்கும் அந்தச் சூழல் ஓர் உள்ளீடாகக் கைமாறிப் போகும். லொக்கின் செயல்கள் இரண்டே இரண்டு: எழுது, விடுவி. அந்த இரண்டையும் தன் விருப்பப்படி எழுதித் தருகிறவர், லைப்ரரியின் ஒரு வரியையும் மாற்றாமல் லொக் முழுவதையும் தன் இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். செய்தி பிறந்த கோப்பின் பெயரும் வரி எண்ணும் ஒரு மாக்ரோ வழியாகத் தாமே சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு செயற்கூறுக்கும் சூழலைக் கடத்துவது எழுதுகிறவருக்குச் சுமை. அந்த மூலநிரலைப் படித்தவர்கள் எங்கு பார்த்தாலும் சூழலைக் குறிக்கும் ‘என்வ்’ என்ற சொல்லே கண்ணில் படுவதை அறிவார்கள். ஆனாலும் அந்தச் சுமைக்கு ஈடான பலன் இருக்கிறது. நிரல் முழுவதற்கும் பொதுவான மறைந்த தரவு எதுவுமில்லை. ஒரே நிரலுக்குள் இரண்டு இடங்களில் அந்த லைப்ரரி ஓடினால் இரண்டும் தத்தம் லொக்கில் எழுதும். மடுவத்தில் ஒரு போனோடு இரண்டு தராசுகள் பேசும் நிலையை நினைத்துப் பார்த்தால், எந்தத் தராசின் லொக் எது என்று குழம்பாமல் இருப்பதன் அருமை புரியும்.

இரண்டாவது படைப்பு பாலரினா. சஞ்சீவ வீரவரண தலைமையில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பிலிருந்து உருவாக்கிய நிரல்மொழி. 2017இல் அறிமுகமாகி, 2019 செப்டெம்பரில் 1.0 ஆகி, 2022இல் ‘ஸ்வான் லேக்’ என்ற பெயரில் திருந்திய வடிவம் பெற்றது. ஒரு மொழியையே வடிவமைக்கிறவர்களுக்கு லொக் தொகுதியை எப்படியும் அமைக்கும் சுதந்திரம் உண்டு. அவர்கள் மிகச் சிறியதைத் தேர்ந்தார்கள். ஸ்வான் லேக்கில் அச்சிடும் செயற்கூறுகள் நான்கு: பிழைதேட, தகவல், எச்சரிக்கை, பிழை. ஆரம்பப் பதிப்புகளில் இருந்த ‘தடம்’ என்ற ஐந்தாவது நிலையைப் பின்னர் விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு செய்தியை வாங்கும். கூடவே வேண்டிய அளவு பெயர்-மதிப்பு இணைகளையும் வாங்கும். அழைக்கும் தொகுதியின் பெயரை மொழியே சேர்த்துக்கொள்ளும். பதிவாளர் ஒன்றை உருவாக்கு, அதற்குப் பெயரிடு, கையாளியை இணை என்ற சடங்குகள் இல்லை. எந்தத் தொகுதிக்கு எந்த நிலை, வடிவம் ஜேசனா லொக்எஃப்எம்டியா என்பதெல்லாம் நிரலுக்கு வெளியே, அமைவுக் கோப்பில். இணையின் மதிப்பாக ஒரு செயற்கூறையே கொடுத்தால், அந்த நிலை இயக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அது கணிக்கப்படும். ஆக, அணைத்துவைத்த லொக்குக்காகப் போனின் பற்றரி வீணாவதில்லை.

அக்சிஸ்2/சியும் பாலரினாவும் ஒன்றுக்கொன்று எதிரான முனைகள். ஒன்று எல்லாவற்றையும் கையில் கொடுத்துக் கடத்துகிறது. மற்றது எல்லாவற்றையும் மொழிக்குள் மறைத்து நான்கு சொற்களை மட்டும் விடுகிறது. மொழியே ஒத்துழைக்கும்போது பாலரினாவின் வழிதான் அழகு. அந்த ஒத்துழைப்பு இல்லாத மொழிகளில், அக்சிஸ்2/சி காட்டிய இரண்டு செயற்கூறு இடைமுகம் இன்றும் பின்பற்றத் தக்கது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: லொக் எங்கே போகிறது என்பதை அழைக்கும் வரி அறியாது.

நம் தராசு லைப்ரரிக்கு இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை இனிப் பார்க்கலாம்.

நிலைகள் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. நான்குக்கு மேல் போனால் எழுதுகிறவர்களே ஒத்துப்போகமாட்டார்கள். ஜாவாவின் ஏழு நிலைகளில் கீழ்மூன்றுக்கு இடையிலான வேறுபாட்டை இரண்டு நிரலாளர்கள் ஒரேமாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. லைப்ரரிக்குள் ‘பிழை’ என்ற நிலை மிக அரிதாகத்தான் வர வேண்டும். தராசு இணைப்பு அறுந்தால் லைப்ரரி அதை அழைத்தவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பியும் சொல்லி, பிழை என்று லொக்கிலும் எழுதினால், அதற்கு மேலடுக்கும் அதையே செய்யும், அதற்கும் மேலடுக்கும் செய்யும். ஒரே அறுபடல் மூன்று பிழையாகப் பதிவாகும். மாலையில் அதைப் படிக்கிறவர் தராசு மூன்று முறை கெட்டது என்று முடிவுசெய்து புதுத் தராசு கேட்பார். லைப்ரரி தானே சமாளித்த கோளாறை மட்டும் எச்சரிக்கையாக எழுதட்டும்: இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை இணைந்தேன் என்பது அழைத்தவருக்குத் திரும்பிப் போகாது, ஆனால் யாராவது அறிந்திருக்க வேண்டிய செய்தி.

செய்தியின் உருவம் இதைவிட முக்கியம். ‘தராசு 7 மூன்று முறை முயன்றும் கிடைக்கவில்லை’ என்று வாக்கியமாக எழுதலாம். ‘செய்தி=தராசு இணையவில்லை, தராசு=7, முயற்சி=3, மலை=4’ என்றும் எழுதலாம். முதல் வடிவம் ஒரு வரியைப் படிக்கிறவருக்கு இனிது. ஒரு மாதத்து லொக்கில் நாலாம் நம்பர் மலையில் மட்டும் இணைப்பு ஏன் அதிகம் அறுகிறது என்று தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் உதவும். மாறாத வாக்கியம் ஒன்று, மாறும் மதிப்புகள் தனித்தனி இணைகளாக: இந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டால் பிறகு எந்தக் கருவிக்கும் அந்த லொக்கைக் கொடுக்கலாம். இணைகளின் பெயர்களையும் லைப்ரரி தன் ஆவணத்தில் எழுதி உறுதிசெய்ய வேண்டும். இன்று ‘தராசு’, நாளை ‘தராசு எண்’ என்று மாறினால் தேடல்கள் எல்லாம் உடையும்.

தராசு அனுப்பும் தரவிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மின்னணுத் தராசுகள் பல, எடையோடு அது நிலைத்த அளவா ஆடிக்கொண்டிருக்கும் அளவா என்ற குறியையும் அனுப்பும். மலைச்சரிவில் காற்றடிக்கும்போது தொங்கும் சாக்கு ஆடும். நிலைத்த குறி வரத் தாமதமாகும். அவசரத்தில் அடுத்த ஆளின் சாக்கு ஏறிவிடும். லைப்ரரி எத்தனை ஆடும் அளவுகளை நிராகரித்தது, கடைசியாக எதை ஏற்றது, எத்தனை விநாடி காத்திருந்தது என்பவற்றை மூன்று இணைகளாக எழுதினால், கிலோ குறைந்தது என்ற முறைப்பாடு வரும்போது பேச ஏதாவது இருக்கும். ‘எடை பெறப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் இருக்காது.

ஆட்களின் பெயரை லொக்கில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் பெயரே தமிழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். தேட அது உதவாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் லொக்கில் சிந்துவது பொறுப்பற்ற செயல். மென்பொருள் உள்ளுக்குள் வழங்கும் ஓர் எண் போதும். அது யாருடையது என்பதைக் கணக்குப் பகுதி அறியும். தமிழில் செய்தி எழுதுவதில் தடையொன்றும் இல்லை, யூனிகோடு யூடிஎஃப்-8இல் எழுதினால் எங்கும் போகும். தோட்டத்தில் வேலைசெய்யும் உத்தியோகத்தரும் வாசித்து விளங்கிக்கொள்ளும் லொக் என்பது சிறு வசதி அல்ல.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைக்கு இதில் சொந்த அனுபவமே இருக்கிறது. 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டு, உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னே போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன; ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. அந்தப் பத்து ஆண்டுகளில் வெறும் ‘காலை 9.40’ என்று எழுதப்பட்ட எந்தப் பதிவையும் இன்று ஐயமின்றி வாசிக்க முடியாது. லொக்கின் ஒவ்வொரு வரியிலும் நேரம் உலகப் பொது நேரத்திலோ, வேறுபாட்டைச் சேர்த்தோ இருக்க வேண்டும். அதை எழுதும் வேலையும் லைப்ரரியுடையதல்ல, லொக்கைப் பெற்றுக்கொள்ளும் கையாளியுடையது. தராசுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருந்தால், அது சொல்லும் நேரத்தைத் தனி இணையாக வைக்கலாம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே சில வேளைகளில் கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும்.

போனில் ஓடும் மென்பொருளுக்கு இன்னொரு கவலை இருக்கிறது. அண்ட்ரொய்டின் சொந்த லொக், அளவு வரையறுக்கப்பட்ட ஒரு வளையம். புதியது வர வரப் பழையது அழியும். போனை அணைத்து ஏற்றினால் பொதுவாக எல்லாமே போய்விடும். 2012இல் வந்த 4.1ஆம் பதிப்பிலிருந்து ஒரு செயலி மற்றச் செயலிகளின் லொக்கை வாசிக்கவும் முடியாது. மேசையில் கம்பியால் இணைத்துச் சோதிக்கிறவருக்கு அந்த வளையம் போதும். பொகவந்தலாவையில் காலை ஆறரைக்கு நடந்ததை மறுநாள் கொழும்பிலிருந்து ஆராய்கிறவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே தராசு லைப்ரரி நேரடியாக அந்த வளையத்தில் எழுதக்கூடாது. செயலி தரும் கையாளியிடம் கொடுக்க வேண்டும். செயலி அதைச் சிறு கோப்பில் சுழற்சியாக வைத்து, கணக்கு போய்ச் சேர்ந்த பிறகு எஞ்சிய சிக்னலில் அனுப்பலாம். பிழைதேடும் நிலைச் செய்திகளை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, எச்சரிக்கை ஒன்று வந்தால் அதற்கு முந்திய சில நூறு வரிகளையும் கோப்பில் எழுதும் முறை நல்ல முறை. சாதாரண நாளில் கோப்பு பெருக்காது. கெட்ட நாளில் காரணம் கையில் இருக்கும். லைப்ரரி தன் போக்கில் கோப்பைத் திறந்திருந்தால் இவற்றில் எதையும் செயலி செய்ய முடியாது.

பாதுகாப்புக்கு 2021 டிசம்பரைவிட வேறு சாட்சி வேண்டாம். லொக்4ஜேயின் இரண்டாம் தலைமுறையில், செய்திக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு சொற்றொடர் இருந்தால் அதை விரித்துப் பொருள் காணும் வசதி இருந்தது. அந்த விரிப்பு வெளிச் சேவையகம் ஒன்றைத் தொடர்புகொண்டு, அங்கிருந்து நிரலை இறக்கி ஓட்டும் வரை போனது. யாரோ ஒருவர் தன் பயனர் பெயராக அந்தச் சொற்றொடரைத் தட்டினார் என்றால், அதை அப்பாவித்தனமாக லொக்கில் எழுதிய சேவையகம் அவர் கைக்குப் போனது. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து வழங்கப்பட்ட அந்தத் துளைக்கு லொக்4ஷெல் என்று பெயர். யாரும் பெரிதாகக் கேட்டிராத ஒரு கூடுதல் வசதி பல ஆண்டுகள் உள்ளே கிடந்து உலகத்தை உலுக்கியது. லொக் இடைமுகம் தன்னிடம் வரும் சொல்லைச் சொல்லாக மட்டுமே நடத்த வேண்டும். விரிக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. மதிப்புக்குள் வரிமுறிப்பு இருந்தால் அதைக் குறியீடாக மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் தன் குறிப்புப் பெட்டியில் தட்டிய வரி லொக்கின் புதிய வரியாக நின்று பொய்ச்சாட்சி சொல்லும்.

இன்னும் விவாதம் முடியாத ஒரு கேள்வி உண்டு: யாரும் கையாளியைத் தரவில்லையென்றால் லைப்ரரி என்ன செய்ய வேண்டும்? ரஸ்ட் மௌனம் என்கிறது. பைதான் 3.2இலிருந்து, எச்சரிக்கையையும் அதற்கு மேற்பட்டவற்றையும் மட்டும் பிழை வெளியீட்டில் காட்டுகிறது. பாலரினா தகவல் நிலையிலிருந்தே அங்கு எழுதுகிறது. பாலரினா முழு மொழி. சேவை எழுதுகிறவருக்கு முதல் நாளிலேயே ஏதாவது தெரிய வேண்டும் என்று அது நினைப்பது நியாயம். தனி லைப்ரரிக்கு நான் மௌனத்தின் பக்கம். எழுத வேண்டியதைத் திருப்பும் மதிப்பிலோ பிழையிலோ சொல்லிவிட்ட லைப்ரரி, கேட்க ஆளில்லாத இடத்தில் பேச வேண்டியதில்லை. ஆனால் லொக்கை எப்படித் திறப்பது என்பதை அதன் ஆவணத்தின் முதற்பக்கத்தில், இரண்டு வரி உதாரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். மௌனமான லைப்ரரியின் ஆவணமும் மௌனமாக இருந்தால் அதை நம்பித் தோட்டத்துக்கு மென்பொருள் எழுத முடியாது.

என் முடிவைச் சுருங்கச் சொன்னால் இடைமுகத்தில் இருக்க வேண்டியவை மூன்றே. நிலையும் மாறாத செய்தியும் இணைகளும் வாங்கி எழுதும் ஒரு செயல். இந்த நிலை இயக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு செயல். சில இணைகளை நிரந்தரமாகச் சேர்த்த கிளைப் பதிவாளரைத் தரும் ஒரு செயல். தராசு 7இன் பதிவாளரை ஒருமுறை பெற்றுக்கொண்டால், பிறகு வரும் எல்லா வரிகளிலும் அந்த எண் தானாக நிற்கும். கோப்பு, வடிவம், நேரம், சுழற்சி, வலையமைப்பு எதுவும் இதற்குள் வேண்டாம். இதை எந்த மொழியிலும் ஒரு பக்கத்துக்குள் எழுதலாம்.

ஹட்டனிலும் கொட்டகலையிலும் நுவரெலியாவிலும் லயத்து வீடுகளிலிருந்து கணினி படிக்கப் போகும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். தங்கள் தாய்மாரின் கொழுந்தை நிறுக்கும் மென்பொருளை நாளைக்கு அவர்களே எழுதலாம், அல்லது அதில் ஒரு லைப்ரரியையாவது எழுதலாம். அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் லைப்ரரியின் லொக்கை அழைக்கிறவர் கையில் விட்டுவிடுங்கள். கிலோக் கணக்கை மட்டும் லொக்கில் விடாதீர்கள். அதைத் தனியாக எழுதி, அன்றன்றே தொழிலாளியின் கைக்குப் போகும்படி செய்யுங்கள்.